காய்ச்சல் கண்ட மாட்டை மட்டும் எண்ணினால் போதுமா?

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று மாடு வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். போன மாசி வரைக்கும் நாலு மாடு. அந்த நாலாவது மாட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விஷயத்துக்கு, அதாவது உண்ணியால் மாட்டுக்கு வரும் நோயை நாம் எண்ணும் விதத்துக்கு, வருகிறேன்.

ஜெர்சி கலப்பு, ரெண்டாம் ஈத்து, வேளைக்கு ஏழு லிட்டர் கறந்த மாடு. ஒரு சந்தையில் தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, கன்றோடு வாங்கிக் கொடுத்தார். பல் பார்த்தேன். மடியைத் தடவி, நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்த்தேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் சுழி கூடப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பதினெட்டாம் நாள் காலையில் தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துவிட்டது. அசை போடவில்லை. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தெர்மாமீட்டரில் 105.4. பயண அலுப்பு, தண்ணீர் மாற்றம் என்று நானே முடிவு கட்டி, கையில் இருந்த காய்ச்சல் ஊசியை வைத்து மூன்று நாள் ஓட்டினேன். காலையில் காய்ச்சல் இறங்கும், சாயங்காலம் ஏறும். நாலாம் நாள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையைக் கொண்டுபோனால் எலுமிச்சங்காய் கணக்காக நெறி கட்டியிருந்தது. கீழ் இமையைப் பிதுக்கினேன். ரத்த ஓட்டமே இல்லாமல் வெளுத்திருந்தது.

அப்போதுதான் ஸ்மியர் எடுத்தேன். காது நுனியில் மயிரை வழித்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் வாங்கி, இன்னொரு சில்லைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. ஓரம் நாக்கு மாதிரி வளைந்து முடிந்தால் நல்ல ஸ்மியர். காய வைக்கும்போது ஈ ஓட்ட ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நாம் பார்ப்பதற்குள் ஈ தின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி எத்தனை சில்லைப் பறிகொடுத்திருக்கிறேன்! மருத்துவர் அதை ஜீம்சா சாயத்தில் ஊறப்போட்டு, எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுவுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள். ஒரு பக்கம் கல் பதித்த மாதிரி ஊதாப் புள்ளி. உண்ணி பரப்பும் ரத்தக் கிருமி, தைலேரியா.

இந்த நோய்க்கான விலை கூடிய ஊசியை மருத்துவர் போட்டார். ஏழாம் நாள் விடியக்காலையில் மாடு போய்விட்டது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அந்த மாட்டுக்கு இருந்த நேரத்தில் மூன்று நாளைத் தின்றவன் நான்தான், அதுவும் வாழ்நாள் முழுக்க இதே வேலை பார்த்தவன்.

எனக்கு உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் சரி. பள்ளம் தோண்டிப் புதைத்தேன், வீட்டுக்கு வந்தேன். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் தைலேரியாவும் உண்டு, உண்ணியால் வரும் இன்னொரு நோயான பபேசியாவும் உண்டு. அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாக நினைக்கக் காரணம் இருந்தால் மாட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இது எனக்குத் தெரியும், பயிற்சி வகுப்புகளில் படித்திருக்கிறேன். தெரிந்த நானே தெரிவிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவர்கள் கிடாரி ஒன்று போன வருடம் இதே மாதிரி நெறி கட்டி, இதே மாதிரி வெளுத்துச் செத்தது. அதுவும் எந்தக் கணக்கிலும் இல்லை.

உண்ணியால் வரும் இந்த நோய் நம் மாடுகளிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று யாராவது கேட்டால் நம் கையில் இருப்பது என்ன? மருந்தகத்துக்கு வந்த மாடு, அதிலும் ஸ்மியர் எடுத்த மாடு, அதிலும் மோதிரம் கண்ணில் பட்ட மாடு. இப்படி மூன்று சல்லடையில் சலித்து மிஞ்சியதைத்தான் நோய்க் கணக்கு என்கிறோம். சல்லடையில் நின்றுபோனது எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை.

சல்லடையில் எவ்வளவு நிற்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது மாடு செத்த பிறகுதான். மிச்சமிருந்த மூன்று மாட்டுக்கும் ஸ்மியர் எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. மனசு ஆறாமல் தெரிந்தவர் மூலமாக ஓர் ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பி பி.சி.ஆர். பார்க்கச் சொன்னேன். கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரெண்டு மாட்டுக்கு இருக்கிறது என்று வந்தது. ஒன்று என் காங்கேயம் பசு, ஒரு நாள் கூடக் காய்ச்சல் என்று படுத்ததில்லை. இன்னொன்று என் கட்டுத்தரையிலேயே பிறந்த கலப்பினக் கிடாரி. ஆக, புது மாடு சந்தையிலிருந்து நோயைக் கொண்டுவந்ததா, இல்லை என் மாடுகளின் ரத்தத்தில் இருந்ததை என் சுவரில் இருந்த உண்ணி எடுத்துப் புது மாட்டுக்குக் கொடுத்ததா? நாள் கணக்கைப் பார்த்தால் ரெண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். மாடு வந்து பதினெட்டாம் நாள் படுத்தது. சந்தையையும் தரகரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், திட்டு என் வீட்டுச் சுவருக்குப் போக வேண்டியது.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்வதாக நினைக்க வேண்டாம். இது திறந்த மடல், மாடு வைத்திருப்பவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம்.

நம் ஊரில் கலப்பின மாட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் தைலேரியா அன்யூலேட்டா என்ற ஓரணு ஒட்டுண்ணி. அதைச் சுமப்பது ஹயலோமா வகை உண்ணி. காலில் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை போட்டிருக்கும், வேகமாக நடக்கும். இன்னொன்று, மாட்டின் மேலேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஒட்டிக்கிடக்கும் நீல உண்ணி. அது பபேசியாவைக் கொடுக்கும். அதில் மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போகும். அனாபிளாஸ்மா என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது ஒட்டுண்ணி அல்ல, பாக்டீரியா இனம். ஒரே ஊசியைப் பல மாட்டுக்குப் போட்டாலும் அது பரவும்.

ரெண்டு உண்ணிக்கும் பழக்கம் வேறு வேறு. நீல உண்ணி குஞ்சாக ஏறினால் பெரிதாகி ரத்தம் குடித்து உப்பி விழும் வரை ஏறக்குறைய மூன்று வாரம் அதே மாட்டின் மேல்தான் இருக்கும். ஹயலோமா அப்படி இல்லை. குஞ்சுப் பருவத்தில் ஒரு மாட்டில் குடிக்கும், கீழே விழும், சுவர் விரிசலில் பதுங்கித் தோலுரிக்கும், வளர்ந்த பிறகு இன்னொரு மாட்டில் ஏறும். முதல் மாட்டில் குடித்த கிருமியை ரெண்டாவது மாட்டில் இறக்கும். தைலேரியா முட்டை வழியாக அடுத்த தலைமுறை உண்ணிக்குப் போகாது, பபேசியா போகும். அதனால் தைலேரியாவைப் பொறுத்தவரை நோயின் கிடங்கு உண்ணி அல்ல, மாடுதான். பிழைத்த மாடு, நோயே காட்டாத மாடு, என் காங்கேயம் மாதிரி மாடு. பிழைத்தது வருடக் கணக்கில் கிருமியைச் சுமக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறிய உடனே உண்ணி கிருமியை இறக்கிவிடாது. அது ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் எச்சில் சுரப்பியில் கிருமி முதிரும், அதற்கு ரெண்டு மூன்று நாள் ஆகும். தினமும் காலையில் மடிச்சந்து, காதுக்குள், வால் அடி என்று தடவி உண்ணி பிடுங்கிய நம் பாட்டிகள் இந்தக் கணக்கு தெரியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இன்று பத்து மாடு வைத்திருப்பவருக்கு அதற்கு ஏது நேரம்? தெளிக்கிற மருந்துக்கும் உண்ணி பழகிவிட்டது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு வந்துவிட்டதை இந்தியாவின் பல பகுதிகளில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். பல பேர் மாட்டுக்கு மட்டும் அடித்துவிட்டுச் சுவரை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவன்தான்.

சரி, பரவல் கணக்குக்கு வருகிறேன்.

இந்த நோய் பற்றி நாட்டில் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் செய்திருக்கின்றன. ஆனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஓரிடத்தில் நூற்றுக்கு நாலு ஐந்து, இன்னோரிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காரணம் ஊர் மட்டும் இல்லை. ஒருவர் மருந்தகத்துக்கு வந்த காய்ச்சல் மாடுகளை எடுத்திருப்பார், இன்னொருவர் பண்ணையில் நல்லபடி நிற்கும் மாடுகளை. ஒருவர் ஸ்மியர், ஒருவர் பி.சி.ஆர். ஒருவர் கோடையில், ஒருவர் மார்கழியில். ஒரே மந்தையில் ஸ்மியரில் கண்டதை விட பி.சி.ஆரில் பல மடங்கு வருவது திரும்பத் திரும்பப் பார்த்த சங்கதி. இந்த எண்களை எல்லாம் கூட்டிச் சராசரி போட்டு ‘தமிழ்நாட்டில் தைலேரியா இத்தனை சதவீதம்’ என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். மருந்தகத்துக்கு வந்தவர்களை எண்ணி ஊரில் எத்தனை பேருக்குத் தலைவலி என்று சொல்கிற கதைதான் அது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் பசு இனம் மட்டும் சுமார் 95 லட்சம், அதில் பெரும்பகுதி கலப்பினம். நாட்டு மாடும் இந்தக் கிருமியை வாங்கும், ஆனால் தாங்கும். சாஹிவால் என்ற வடநாட்டு இனக் கன்றுகளுக்கும் ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டு இனக் கன்றுகளுக்கும் ஒரே அளவு கிருமியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சாஹிவால் காய்ச்சலோடு பிழைத்தது. பால் கூடக் கூட இந்த நோய்க்கு ஆளாகும் மாடும் கூடுகிறது என்று சொன்னால் கலப்பினமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நாற்பது ஐம்பது வருடமாக நம் ஊர்ப் பெண்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாலில்தான். அவர்கள் கட்டுத்தரையில் எது நிற்கிறதோ அதற்கு என்ன ஆபத்து என்பதை நாம் எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உண்ணியாலும் உண்ணி நோய்களாலும் வரும் நஷ்டம் பற்றி 2003-இல் வந்த ஒரு சர்வதேச மதிப்பீடு, தைலேரியாவால் மட்டும் இந்தியாவுக்கு வருடத்துக்குச் சுமார் 38 கோடி டாலர் போகிறது என்றது. அதைத்தான் இன்னும் ஒவ்வொரு கட்டுரையும் முதல் பத்தியில் எடுத்துப் போடுகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆன எண்ணை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம் என்றால் அதற்குப் பிறகு யாரும் ஒழுங்காக எண்ணவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொற்று எவ்வளவு, நோய் எவ்வளவு என்பது ரெண்டும் வேறு. ஒரு பேச்சுக்கு ரெண்டு ஊர் எடுத்துக்கொள்வோம். மேற்கே ஓர் ஊரில் பத்தில் எட்டு மாட்டுக்குக் கிருமி இருக்கிறது. அங்கே எல்லாக் கன்றும் சின்ன வயதிலேயே லேசாகத் தொற்றி, பிழைத்து, எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொள்ளும். மருந்தகத்துக்கு வருவது வருடத்துக்கு ரெண்டு மாடு. கிழக்கே ஓர் ஊரில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. அங்கே மிச்ச ஒன்பதும் எதிர்ப்பு இல்லாமல் நிற்கின்றன. நல்ல மழைக்குப் பிறகு உண்ணி பெருகினால் வரிசையாகச் சாயும். மருந்தகப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் கிழக்கூர் நோயூர், மேற்கூர் சுத்தம். கிழக்கூர்க்காரர் மேற்கூரில் மாடு வாங்கினால் கிருமியை விலை கொடுத்து வாங்குகிறார். மேற்கூர்க்காரர் கிழக்கூரில் வாங்கினால், நான் வாங்கியதைப் போல, பச்சை மண் மாட்டை உண்ணிக் காட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறார். எந்தப் பக்கம் வாங்கினாலும் அடி. ரெண்டு ஊரின் தொற்று விகிதமும் தெரிந்திருந்தால் வாங்கும்போதே ஒரு முடிவுக்கு வரலாம்.

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் கேரளாக்காரர், கர்நாடகாக்காரர், ஆந்திராக்காரர் எல்லாரும் வருகிறார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை கூடுகிறது. பொள்ளாச்சி, மணப்பாறை என்று சொல்லிக்கொண்டே போகலாம். மாடு மாநிலம் தாண்டும்போது ரத்தத்தில் கிருமியும் தாண்டுகிறது, மயிருக்குள் உண்ணியும் தாண்டுகிறது. பக்கத்தில் வயநாட்டில் தைலேரியா ஒரியண்டாலிஸ் என்ற இன்னொரு வகையும் மாடுகளைச் சாய்த்திருக்கிறது. ரொம்ப காலம் அதைச் சாது என்றுதான் நினைத்திருந்தார்கள். நியூசிலாந்தில் 2012-இல் அதே இனத்தின் ஒரு வகை கிளம்பிப் பால் பண்ணைகளைப் படுத்திய படுத்தலுக்குப் பிறகு யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது நம் பக்கம் எவ்வளவு இருக்கிறது? நுண்ணோக்கியில் பார்த்து அன்யூலேட்டாவா ஒரியண்டாலிஸா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னைவிடக் கைதேர்ந்தவர்களும் தயங்குவார்கள்.

எண்ணாமல் விட்டால் மருந்தும் கெடும். புபார்வாகோன் ஒன்றுதான் இந்த நோய்க்கு நம் கையில் இருக்கும் உருப்படியான ஊசி. துனிசியா, ஈரான், சூடான் என்று பல நாடுகளில் அதற்கும் கிருமி பழகிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். இங்கே நெறி கட்டிய மாட்டுக்கெல்லாம் ஸ்மியர் இல்லாமலே அதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், காசு இல்லாததால் அரை அளவு போடச் சொல்லும் மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே கிருமிக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிற வேலை.

தடுப்பூசியும் இருக்கிறது. ஹைதராபாத்தில் தயாராகிறது. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி என்பதால் திரவ நைட்ரஜனில்தான் வைத்திருக்க வேண்டும். ‘கிராமத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது’ என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கருவூட்டல் மையத்தில் உறைவிந்துக் குச்சிகள் எதில் கிடக்கின்றன? அதே திரவ நைட்ரஜனில்தான். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு மொபட்டில் ஊர் ஊராகப் போனவன் நான். மூடியைத் திறந்தால் வெண்புகை வழியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். குளிர்ச் சங்கிலி நம்மிடம் இருக்கிறது. வெளியே எடுத்தபின் உடனே போட வேண்டும் என்பதால் ஒரே நாளில் ஓர் ஊரின் கன்றுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும், அதுவும் நாம் செய்து பழகியதுதான். இல்லாதது எந்த ஊரில் போடுவது என்ற விவரம். மேற்கூர் மாதிரி ஊரில் போட்டால் பாதி வீண். கிழக்கூர் மாதிரி ஊரிலும், வெளியிலிருந்து மாடு இறங்கும் பண்ணையிலும் போட்டால் பலன். எது மேற்கூர், எது கிழக்கூர் என்று எண்ணாமல் எப்படித் தெரியும்?

இதற்குப் பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மருந்தகத்தில் ஆள் இல்லாமல் ஒரே மருத்துவர் மூன்று இடம் பார்ப்பது எனக்குத் தெரியாததா? அதனால் 95 லட்சம் மாட்டையும் சோதிக்கச் சொல்லவில்லை. புள்ளியியல் பாடத்தில் ஒரு கணக்கு உண்டு: பரவல் எவ்வளவு என்றே தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு, ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் போதும் என்றால் 384 மாடு போதும். மாவட்டத்தில் எத்தனை லட்சம் மாடு இருந்தாலும் அதே 384. ஓர் ஊர் மாடுகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் அதை இரட்டிப்பாக்குங்கள், எண்ணூறு என்று வையுங்கள். நாற்பது ஊர், ஊருக்கு இருபது மாடு. முக்கியமான விஷயம், அந்த இருபதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். காய்ச்சல் மாட்டையோ, கையெட்டும் தூரத்தில் நிற்கும் மாட்டையோ, தலைவர் வீட்டு மாட்டையோ எடுக்கக் கூடாது. குலுக்குவதற்குச் சீட்டு ஏற்கெனவே மாட்டின் காதிலேயே தொங்குகிறது, 12 இலக்க மஞ்சள் வில்லை. கோமாரி ஊசி போட வருடத்துக்கு ரெண்டு சுற்று ஊர் ஊராகப் போகிறார்கள். அதே நாளில், அதே மாட்டில், அந்த இருபதுக்கு மட்டும் ரெண்டு மில்லி ரத்தம் எடுத்தால் தனிப் பயணச் செலவு கூட இல்லை.

அதோடு மாட்டின் மேல் இருக்கும் உண்ணியில் நாலைந்தைச் சாராயக் குப்பியில் போட்டு வந்தால் பேராசிரியர்கள் இனம் பார்த்துச் சொல்வார்கள். ஹயலோமாவுக்குத் தனி அக்கறை வேண்டும். தைலேரியா மனிதருக்கு வராது, பாலைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 2011-இல் குஜராத்தில் ஆட்களைக் கொன்ற கிரிமியன் காங்கோ காய்ச்சலைச் சுமப்பதும் இதே ஹயலோமா வகைதான். உண்ணியை விரலால் நசுக்கும் பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன்.

மருந்தகத்தில் செய்ய வேண்டியது இன்னும் சின்னது. 104-க்கு மேல் காய்ச்சல் என்றால் ஸ்மியர். அதில் இருந்தால் எழுதுகிறோம், இல்லாவிட்டால் எழுதுவதில்லை. இந்த ‘இல்லை’யையும் எழுத வேண்டும். நான் பதிவேடு எழுதிய காலத்தில் வருடம் பூராவும் ‘தைலேரியா 14’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பதினாறு ஸ்மியரில் பதினாலா, நானூறு ஸ்மியரில் பதினாலா? இன்று என்னையே கேட்டால் பதில் இல்லை. மேலே அனுப்பியதும் அந்தப் பதினாலைத்தான். பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் ரெண்டு மாதத்துக்கு முன்கூட்டியே எந்த மாவட்டத்தில் என்ன நோய் வரலாம் என்று அறிக்கை விடுகிறது. தைலேரியாவும் பபேசியாவும் அதில் உண்டு. நல்ல முயற்சி. ஆனால் அந்த முன்னறிவிப்பு சாப்பிடுவது நாம் அனுப்பும் எண்களைத்தான். நாம் குறைவாக அனுப்பிய மாவட்டத்துக்கு அது ஆபத்துக் குறைவு என்று திருப்பிச் சொல்லும். ஒழுங்காக எழுதிய மாவட்டம் சிவப்பாகத் தெரியும். இதில் கெட்ட பெயர் யாருக்கு? எழுதியவருக்கு. இந்த ஒரு காரணத்தாலேயே எண் ஏறினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் வழக்கத்தை, எந்தத் துறையில் இருந்தாலும், இந்த நோய்க்காவது நிறுத்தி வைக்கக் கேட்கிறேன். முதல் ரெண்டு வருடம் எண் ஏறத்தான் செய்யும். மாடு புதிதாக நோயில் விழுந்ததால் ஏறவில்லை, நாம் புதிதாகப் பார்க்கத் தொடங்கியதால் ஏறுகிறது.

உண்ணி நோய் பரப்பும் என்று உலகத்துக்கு முதலில் காட்டியதே மாட்டுக்காரர்கள் பிரச்சினையில்தான். அமெரிக்காவில் டெக்சஸ் காய்ச்சல் என்று மாடுகள் செத்தபோது 1893-இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அதை நிரூபித்தார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் பார்த்தது அதற்கு நாலு வருடம் கழித்துத்தான். 1906-இல் அமெரிக்கர்கள் உண்ணி ஒழிப்பைத் தொடங்கியபோது வட்டாரம் வட்டாரமாக எங்கே உண்ணி இருக்கிறது, எங்கே இல்லை என்று கோடு கிழித்துத்தான் முன்னேறினார்கள். 1943 வரை பிடித்தது. நம் சூழலில் அதே மாதிரி ஒழிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, நம் மாடு வேலிக்குள் நிற்கும் மாடு அல்ல. கோடு கிழிப்பதையாவது செய்யலாம்.

முடிவுகளைப் பூட்டி வைக்க வேண்டாம் என்றும் ஒரு வேண்டுகோள். ஒன்றியவாரியாக, வருடத்துக்கு ஒரு முறை, ஒரு தாளில் அச்சடித்துச் சொசைட்டியில் ஒட்டினால் போதும். பால் ஊற்றும் இடத்தில் கொழுப்புச் சத்துப் பட்டியலை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர்கள் நாங்கள். இதையும் படிப்போம். ‘இந்த ஒன்றியத்தில் நூற்றுக்கு அறுபது மாட்டில் கிருமி இருக்கிறது. வெளியிலிருந்து மாடு வாங்கினால் முதல் ஒரு மாதம் தினமும் காய்ச்சல் பாருங்கள், தோள் நெறியைத் தடவுங்கள், சுவர் விரிசலைப் பூசுங்கள்’ என்று ரெண்டு வரி இருந்திருந்தால் அந்த மூன்று நாளை நான் தின்றிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

கடைசியாக, நான் செய்யாமல் விட்டதை இப்போது செய்கிறேன். புதைப்பதற்கு முன் மாட்டின் காதிலிருந்து வில்லையை அறுத்து எடுத்து வைத்திருந்தேன். இந்த மடலின் ஒரு படியோடு அதையும் எங்கள் மருந்தகத்தில் கொடுக்கிறேன். தாமதமான அறிவிப்பாக ஏற்றுப் பதியுங்கள்: ஜெர்சி கலப்பு, பசு, ரெண்டாம் ஈத்து, ஸ்மியரில் தைலேரியா, இறப்பு. கூடவே மிச்ச மூன்றையும். காங்கேயம் பசு, ஸ்மியரில் இல்லை, பி.சி.ஆரில் இருக்கிறது. கலப்பினக் கிடாரி, அதே மாதிரி. மூன்றாவது, ஒன்பது வயதுக் கலப்பினப் பசு, ரெண்டிலுமே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
தாராபுரம் வட்டம்